திருடு போன பிரதியும் நகலான பிரதியும்: நட்டத்தை எப்படிக் கணக்கிடுவது?

அச்சுமை (மதுரை)

போன மாதம் புத்தகத் திருவிழாவில் எங்கள் சிறு பதிப்பகத்தின் அரங்கிலிருந்து ஒரு புத்தகம் திருடு போனது. ஆறாம் நாள் மாலை, கூட்டம் நெரிந்துகொண்டிருந்த நேரம். கல்லூரி மாணவர் போலிருந்த ஒருவர் வெகுநேரம் நின்று புரட்டினார். நான் பில் போடக் குனிந்த நேரத்தில் புத்தகத்தை முதுகுப் பையில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டார். உதவிக்கு வந்திருந்த தங்கை மகள் சொல்லி நான் எழுந்து வெளியே வருவதற்குள் ஆளைக் காணவில்லை. இரவு இருப்பு எடுக்கும்போது நோட்டில் ‘குறைவு 1’ என்று எழுதினேன்.

அன்று இரவு பதினொரு மணிக்கு அதே புத்தகத்தின் ஆசிரியர் தொலைபேசியில் அழைத்தார். பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது 71. வைகைப் பாசனக் கண்மாய்களைப் பதினோரு ஆண்டுகள் நடந்தே சுற்றி எழுதிய நூல் அது. “அம்மா, நம்ம புத்தகம் முழுசும் போனில் சுற்றுகிறதாமே, பேரன் காட்டினான்” என்றார். குரலில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. அவர் அனுப்பிய இணைப்பைத் திறந்தேன். 240 பக்கமும் ஸ்கேன் செய்யப்பட்டிருந்தது. 57-ஆம் பக்கத்தின் ஓரத்தில் பக்கத்தை அழுத்திப் பிடித்த கட்டை விரல்கூடத் தெரிகிறது. ஒரு செய்திச் செயலியின் குழுவில் கிடக்கும் அந்தக் கோப்பை அன்றுவரை 4,100 பேர் பார்த்திருந்தார்கள்.

கணக்கை மறைக்காமல் சொல்கிறேன். விலை 300 ரூபாய். கடைக்காரர் கழிவு 35 சதவீதம் போக எனக்கு வருவது 195. அச்சுச் செலவு 95. ஆசிரியருக்கு ராயல்டி 30. மிச்சம் 70. தட்டச்சு, பக்க வடிவமைப்பு, மெய்ப்பு, வரைபடங்கள், அட்டை எல்லாம் சேர்த்து அச்சுக்குப் போகும் முன்பே 28,000 ரூபாய் செலவாகிவிட்டது. அப்படியானால் 400 பிரதி விற்றால்தான் போட்ட பணம் திரும்பும். முதல் அச்சு 300. அதாவது முதல் அச்சு முழுக்க விற்றாலும் 7,000 ரூபாய் கையைக் கடிக்கும். இரண்டாம் அச்சில்தான் இந்தப் புத்தகம் பிழைக்கும்.

பையில் போன பிரதிக்கு நோட்டில் ஒரு வரி எழுதினேன். குழுவில் கிடக்கும் பிரதிக்கு என்ன எழுதுவது? 4,100 பெருக்கல் 300 என்று 12 லட்சத்து 30 ஆயிரம் எழுதவா? பூஜ்யம் என்று எழுதவா? இரண்டும் பொய் என்று உள்ளே உறுத்துகிறது. கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எண்ணும் எழுத்தும் (திருச்சி)

அம்மா, கல்லூரியில் பொருளியல் நடத்துகிறேன். உங்கள் உறுத்தல் சரியானது, இரண்டும் பொய்தான்.

பையில் போன பிரதியை முதலில் பார்ப்போம். உங்கள் நட்டம் 300 ரூபாய் அன்று. இன்னொன்று அச்சிட்டு அந்த இடத்தில் வைக்க 95 ரூபாய் ஆகும், அதுதான் நட்டம். அச்சில் இல்லாத பிரதியாக இருந்து, வாங்க வந்தவர் வெறுங்கையோடு திரும்பியிருந்தால் மட்டுமே அதற்கு மேல். ஒரு பிரதி விற்றால் 70 ரூபாய் மிஞ்சுகிறது என்றால், திருடுபோன ஒன்றை ஈடுகட்ட ஏறக்குறைய ஒன்றரைப் பிரதி கூடுதலாக விற்க வேண்டும். இந்தக் கணக்கில் யாருக்கும் சந்தேகம் வராது. பொருள் உங்கள் கையை விட்டுப் போயிருக்கிறது, அந்த மாணவர் உங்களுக்கு வாடிக்கையாளராக இருந்திருப்பாரா மாட்டாரா என்ற கேள்விக்கே இடமில்லை.

நகலில் அந்தக் கேள்வி ஒன்றுதான் இருக்கிறது. ஒருவர் எடுத்ததால் இன்னொருவருக்குக் குறையாத பொருள் அது. ஊர்க் கிணற்றில் ஒரு குடம் மொண்டால் ஒரு குடம் குறையும். விளக்கு ஏற்றிய நெருப்பில் இன்னொரு விளக்கை ஏற்றினால் முதல் விளக்கு மங்காது. கூடுதலாக ஒரு நகல் எடுக்க ஆகும் இறுதிநிலைச் செலவு கிட்டத்தட்டப் பூஜ்யம். ஆகவே நட்டம் நகல்களின் எண்ணிக்கையில் இல்லை. நகல் கிடைக்காமல் போயிருந்தால் வாங்கியிருப்பார்களே, அவர்களின் எண்ணிக்கையில்தான் இருக்கிறது. அந்த எண்ணை யாரும் நேரில் பார்க்க முடியாது. ஆய்வாளர்கள் சண்டை போடுவது அதைப் பற்றித்தான்.

இசையில் இந்தச் சண்டை புகழ்பெற்றது. இணையத்தில் பாடல்களைப் பகிர உதவிய நாப்ஸ்டர் 1999-இல் வந்தது, 2001-இல் நீதிமன்ற உத்தரவால் நின்றது. 2002-ஆம் ஆண்டின் பதிவிறக்கத் தரவுகளை ஆராய்ந்து ஓபர்ஹோல்சர்-கீ, ஸ்ட்ரம்ப் என்ற பொருளியலாளர்கள் இருவரும் 2007-இல் கட்டுரை வெளியிட்டார்கள். இசைத்தட்டு விற்பனையில் கோப்புப் பகிர்வின் பாதிப்பு பூஜ்யத்திலிருந்து பிரித்தறிய முடியாத அளவு என்றார்கள். ஸ்டான் லீபோவிட்ஸ் என்ற இன்னொரு பொருளியலாளர் அதைக் கடுமையாக மறுத்தார். பிறகு ஐரோப்பிய ஆணையம் பணம் கொடுத்துச் செய்வித்த ஆய்வு ஒன்று 2015-இல் முடிந்து, 2017-இல்தான் வெளியே வந்தது. பொதுவாக விற்பனை குறைந்ததற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை என்றும், புதிதாக வந்த பெரிய படங்களில் மட்டும் பத்துப் பேர் திருட்டுத்தனமாகப் பார்த்தால் முறையான பார்வை நான்கு குறைகிறது என்றும் அது சொன்னது.

பத்துக்குப் பத்து என்று இவற்றில் எந்த ஆய்வும் சொல்லவில்லை. ஆகவே 12 லட்சத்தை அழித்துவிடுங்கள்.

பாலைத்தமிழன் (தோஹா)

நான் அந்த 4,100 பேரில் ஒருவனாக இருக்கலாம். இந்தப் புத்தகம் இல்லையென்றாலும் இதுபோல நூறு புத்தகங்கள் என் போனில் இருக்கின்றன. ஒளித்துப் பேச விரும்பவில்லை.

கட்டுமான வேலையில் இருக்கிறேன். எட்டுப் பேர் தங்கும் அறை. 300 ரூபாய்ப் புத்தகம் ஊரிலிருந்து வர வேண்டுமென்றால் கூரியர் கட்டணம் புத்தக விலையைப் போல ஐந்து மடங்கு ஆகிறது. ஊருக்குப் போகும் நண்பர்களிடம் சொல்லி விட்டால், இருபத்தைந்து கிலோ பெட்டியில் புத்தகத்துக்கு இடம் கிடையாது. மின்னூலாக வாங்கலாம் என்று தேடினால் பத்தில் எட்டுக்கு மின்னூலே இல்லை. விற்காத பொருளை நான் வாங்காமல் விட்டேன் என்று கணக்கு எழுதுவது நியாயமா, அக்கா? ஊரில் இருந்தபோது மாதம் ஒரு புத்தகமாவது வாங்கியிருக்கிறேன். இன்றும் விற்றால் வாங்குவேன்.

வழக்காடி (சென்னை)

இப்படி நகலெடுப்பதற்குச் சட்டத்தில் ‘திருட்டு’ என்ற பெயர் இல்லை என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 378-ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 303-ஆம் பிரிவும் ஒன்றையே சொல்கின்றன. அசையும் பொருளை, ஒருவருடைய வசத்திலிருந்து, அவர் இசைவின்றி, நேர்மையற்ற நோக்கத்தோடு எடுக்க நகர்த்தினால் திருட்டு. அச்சுமை அம்மாவின் அரங்கில் நடந்தது அதுதான். ஸ்கேன் செய்தவர் யாருடைய வசத்திலிருந்தும் எதையும் நகர்த்தவில்லை. அது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் வரும் உரிமை மீறல். தண்டனை ஆறு மாதத்திலிருந்து மூன்று ஆண்டு வரை, அபராதம் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை. பெயர் வேறு என்பதால் குற்றம் இலேசானது என்று யாரும் எண்ண வேண்டாம். பிணையில் விடத்தகாத குற்றம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அமெரிக்காவிலும் இதே கேள்வி 1985-இல் டவுலிங் வழக்கில் எழுந்தது. எல்விஸ் பிரெஸ்லியின் பாடல்களை அனுமதியின்றி இசைத்தட்டாக்கி மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பியவரைத் திருட்டுப் பொருள் கடத்தியவராகத் தண்டிக்கலாமா? முடியாது, பதிப்புரிமை மீறலைத் திருட்டோடு அப்படியே சமன்படுத்த இயலாது என்றது அந்நாட்டு உச்ச நீதிமன்றம்.

நம் நாட்டில் இன்னும் சுவையான ஒன்று உண்டு. மின்சாரத்தைத் திருட்டுத்தனமாக இழுப்பதுகூட 378-ஆம் பிரிவின்படி திருட்டு ஆகாது என்று 1965-இல் அவ்தார் சிங் வழக்கில் தீர்ப்பானது. மின்சாரச் சட்டத்தில் தனியாக ஒரு பிரிவு எழுதி அதைத் திருட்டாகக் கொள்ள வேண்டியிருந்தது.

எண்ணும் எழுத்தும் (திருச்சி)

வழக்காடி ஐயா, அந்த மின்சார உதாரணம் நல்ல உதாரணம். ஆனால் பொருளியலில் அது புத்தகப் பிரதியின் பக்கம்தான் நிற்கும். கொக்கி போட்டு இழுத்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் எங்கோ நிலக்கரி எரிந்திருக்கிறது. பிடிஎஃப் நகலுக்காக எதுவும் எரியவில்லை.

நடைபாதைக் கடை (சென்னை)

எங்கள் அப்பா மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடை வைத்திருந்தார். 1985-இல் தீயில் எல்லாம் போன பிறகு நடைபாதைக்கு வந்தோம். இன்றும் அதே தொழில்தான். நான் கண்டதைச் சொல்கிறேன்.

திருச்சிப் பேராசிரியர் ஐயா இரண்டு வகையைப் பேசுகிறார். நடுவில் மூன்றாவது ஒன்று இருக்கிறது: கள்ள அச்சு. நன்றாக விற்கும் ஆங்கில நாவலைச் சாணித்தாளில் அடித்து, மங்கிய அட்டை போட்டு, 500 ரூபாய்ப் புத்தகத்தை 150-க்குத் தருவார்கள். நான் அதை விற்பதில்லை. அப்பா காலத்திலிருந்தே வைத்திருக்கும் கட்டுப்பாடு. ஆனால் பக்கத்தில் விற்பதைத் தினமும் பார்க்கிறேன்.

அதில் ஒரு விஷயம் இருக்கிறது. கள்ள அச்சை வாங்குகிறவர் சட்டைப் பையில் கைவிட்டு 150 ரூபாய் எடுத்துக் கொடுக்கிறார். இந்தப் புத்தகத்துக்கு 150 வரை தர ஒரு ஆள் இருக்கிறார் என்பது அந்த இடத்திலேயே நிரூபணமாகிவிடுகிறது. அந்தப் பணம் எழுதியவருக்கும் போகவில்லை, பதிப்பித்தவருக்கும் போகவில்லை, கள்ள அச்சடித்தவருக்குப் போகிறது. இது அசல் வியாபாரத்திலிருந்து பிடுங்கிய பணம், சந்தேகமே வேண்டாம். போனில் பிடிஎஃப் எடுப்பவர் அப்படி எதையும் நிரூபிக்கவில்லை. இலவசமாகக் கிடைக்கிறதே என்று எடுத்து வைப்பவர்கள்தான் அதிகம். என் மருமகனின் போனில் 900 புத்தகம் இருக்கிறது. அவர் படித்து முடித்தது எத்தனை என்று கேட்டேன். நான்கு என்றார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் விற்கும் பழைய புத்தகத்திலும் எழுதியவருக்கு ஒரு காசு போவதில்லை. அதை யாரும் திருட்டு என்று சொல்வதில்லை; சொல்லவும் கூடாது. அந்தப் பிரதிக்கு ஒரு தடவை பணம் கட்டியாகிவிட்டது. நான் விற்றால் என்னிடம் இருக்காது. ஒரு பிரதி ஒரு பிரதியாகவே இருக்கிறது.

அச்சுமை (மதுரை)

எல்லோருக்கும் நன்றி. 12 லட்சத்தை அழித்துவிட்டேன், மனதிலும்.

ஆனால் திருச்சிப் பேராசிரியர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் சொன்ன ஆய்வுகளெல்லாம் லட்சக்கணக்கில் விற்கும் இசைத்தட்டையும் படத்தையும் பற்றியவை. அங்கே ஓர் இழப்பு ‘பிரித்தறிய முடியாத அளவு’ என்று சொல்லும்போது, அந்த அளவுக்குள் எத்தனை ஆயிரம் பிரதிகள் அடங்கும்? என் புத்தகத்துக்கு நான் தேடுவது நூறு பேரைத்தான். 4,100 பேரில் நூறு பேர் என்பது இரண்டரை சதவீதம்கூட இல்லை. எந்த ஆய்விலும் அது கண்ணுக்குத் தெரியாத தூசு. எனக்கு அதுதான் 301-ஆம் பிரதியிலிருந்து 400-ஆம் பிரதி வரை.

வைகைக் கண்மாய்களின் மடை (வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வாய்), கலிங்கு (மிகுநீர் வெளியேறும் இடம்), நீர்ப்பங்கீட்டு முறை பற்றி விலை கொடுத்து வாங்கிப் படிக்க இந்த உலகத்தில் மொத்தம் எத்தனை பேர் இருப்பார்கள்? ஐந்நூறு? அறுநூறு? 4,100 பேரில் பெரும்பாலானவர்கள் எடுத்து வைத்துவிட்டு மறந்தவர்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அறுநூறு பேரும் அந்தக் குழுவில்தானே இருக்கிறார்கள்? ஆர்வம் உள்ளவர்கள்தான் அப்படிப்பட்ட குழுவைத் தேடிச் சேருகிறார்கள். பெரிய சந்தையில் சும்மா எடுப்பவர் வேறு, வாங்குபவர் வேறு. சிறிய சந்தையில் இருவரும் ஒரே ஆள்.

எங்களுக்குச் சேர வேண்டிய பணம் கைமாறிப் போனதல்ல என் வருத்தம். இந்த ஆசிரியர் அடுத்து தாமிரபரணிக் கால்வாய்களைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். முதல் புத்தகம் 400-ஐத் தாண்டாமல் அதை நான் கையில் எடுக்க முடியாது. திருவிழாவில் போனது அச்சான ஒரு பிரதி. குழுவில் போவது இன்னும் அச்சாகாத ஒரு புத்தகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

எண்ணும் எழுத்தும் (திருச்சி)

அம்மா, இதை இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன். நீங்கள் சொல்வது சரி. வகுப்பில் நான் இதை இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

புத்தகம் என்பது இரண்டு செலவுகளின் சேர்க்கை. பிரதிக்குப் பிரதி ஆகும் 95 ரூபாய் ஒன்று. ஒரே தடவை ஆகும் 28,000 ரூபாய், அதாவது மாறாச் செலவு, இன்னொன்று. ஆசிரியர் நடந்த பதினோரு ஆண்டுகளைப் பணமாக்கினால் அதுவும் இந்த இரண்டாவதில்தான் சேரும். கடையில் திருடுபவர் 95-இல் கை வைக்கிறார். நகலெடுப்பவர் 95-ஐத் தொடுவதே இல்லை, 28,000 திரும்பி வரும் வழியில் நிற்கிறார். பெரிய சந்தையில் அந்த வழி அகலமானது, சிலர் நின்றால் தெரியாது. உங்கள் சந்தையில் அது ஒற்றையடிப் பாதை.

ஒரு திருத்தம் மட்டும். நகலைப் பார்த்துவிட்டு அச்சுப் பிரதி வாங்குபவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கூட்டலையும் கழித்தலையும் சேர்த்துத்தான் நிகர இழப்பு. உங்கள் புத்தகத்துக்கு அந்தக் கூட்டல் எவ்வளவு என்பது உங்கள் விற்பனை நோட்டில் மட்டுமே தெரியும். கோப்பு குழுவில் வந்த தேதிக்கு முன்னும் பின்னும் மாத விற்பனை என்ன என்று பாருங்கள்.

திரைக்குப் பின் (சென்னை)

படத் துறையில் இருபது ஆண்டுகளாக இருக்கிறேன். எங்கள் பக்கம் தண்டனையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். 2004-இல் தமிழ்நாட்டில் திருட்டு வீடியோக்காரர்களைக் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். 2023-இல் ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்தி, திரையரங்கில் படம் பிடித்தால் குறைந்தது மூன்று மாதச் சிறை, 3 லட்சம் அபராதம். அதிகபட்சம் மூன்று ஆண்டும், படத்தின் கணக்குத் தணிக்கை செய்யப்பட்ட தயாரிப்புச் செலவில் ஐந்து சதவீதம் வரையும் என்றார்கள். இன்றும் படம் வெளியான அன்று இரவே பிரதி வந்துவிடுகிறது. எங்களுக்கு முதல் வாரம்தான் வாழ்வு. அந்த ஏழு நாளைக் காப்பாற்றினால் போதும் என்று நினைக்கிறோம், அதுவும் முடியவில்லை. புத்தகத்துக்கு ஏழு நாள் கணக்கு கிடையாது, பத்து ஆண்டு விற்கலாம். ஆகவே அச்சுமை அம்மா எங்கள் வழியில் தண்டனையை நம்பி இறங்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

செவிவழி (சேலம்)

நான் பார்வையற்றவன், அரசுப் பள்ளி ஆசிரியர். இந்த உரையாடலைத் திரைவாசிப்பான் மூலம் கேட்டுக்கொண்டு வருகிறேன். ஸ்கேன் செய்தவர்கள் எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்திவிடாதீர்கள்.

எனக்குக் கல்லூரியில் பாடநூல்கள் கிடைத்தது நண்பர்கள் ஸ்கேன் செய்து எழுத்துணரி மென்பொருளில் ஏற்றிக் கொடுத்ததால்தான். அப்போது அது சட்டப்படி குற்றம். 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் எங்களைப் போன்றவர்களுக்காக அணுகத்தக்க வடிவில் படியெடுப்பது சட்டபூர்வமானது. பார்வையற்றோருக்கு நூல்கள் கிடைக்க வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகிலேயே முதலாவதாக உறுதிசெய்த நாடு இந்தியா. நேற்றுவரை குற்றமாக இருந்தது ஒரு திருத்தத்தால் உரிமையாகிவிட்டது. பதிப்பாளர் யாரும் அதனால் நட்டப்படவில்லை, ஏனென்றால் எங்களுக்கு விற்கும்படியான வடிவத்தில் யாரும் எதையும் போட்டிருக்கவில்லை. கத்தார் நண்பர் சொன்னது எனக்கு நன்றாகப் புரிகிறது.

நல்லூர் வாசகி (யாழ்ப்பாணம்)

ஒரு பிரதி மட்டுமே இருப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை எங்கள் ஊரைவிட யாரும் அதிகமாக அறிந்திருக்க மாட்டார்கள். 1981 மே 31 இரவு பொதுசன நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாத ஓலைச்சுவடிகளும் இருந்தன. என்னுடைய அம்மா அடுத்த நாள் சாம்பல் பறந்ததை இன்றும் சொல்லுவார். அப்போது யாராவது படியெடுத்து வைத்திருந்தால் அவரைத் திருடர் என்று சொல்ல எங்களுக்கு நா வராது.

ஆனால் அதே காரணத்துக்காகத்தான் இதையும் சொல்கிறேன். 2005-இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம (டிஜிட்டல்) நூலகத் திட்டம் ஈழத்து நூல்களைத் திரட்டி இணையத்தில் வைத்திருக்கிறது. எழுத்தாளர்களிடம் அனுமதி கேட்டு வாங்குகிறார்கள். அனுமதி கேட்டால் கிடைக்காது என்று நினைப்பது பிழை. பெரும்பாலான எழுத்தாளர்கள் கேட்டால் தருவார்கள், கேட்காமல் எடுத்தால்தான் மனம் நோவார்கள். அச்சில் இல்லாத நூல் வேறு, போன வருடம் அச்சான நூல் வேறு. பதினோரு ஆண்டு நடந்து எழுதியவரிடம் ஒரு தடவை தொலைபேசியில் கேட்க எவ்வளவு நேரமாகும்?

வழக்காடி (சென்னை)

சகோதரி சொன்னதற்கு ஒரு சேர்க்கை. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கிறது. 1992 வரை 50 ஆக இருந்தது. இதை நீளம் என்று கருதும் பலரில் நானும் ஒருவன். பாரதியின் எழுத்துகளை 1949-இல் சென்னை மாகாண அரசு வாங்கி, பிறகு பொதுவாக்கியதால்தான் இன்று எட்டணாக் கடையிலும் எண்பது பதிப்பிலும் பாரதி கிடைக்கிறார். 1998 பொங்கலன்று தொடங்கிய, பழந்தமிழ் நூல்களை இணையத்தில் வைக்கும் மதுரைத் திட்டம் போன்றவை தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து உலகத்துக்குக் கொடுத்தவை. அவர்கள் செய்தது நகல்தான், ஆனால் யாருடைய இரண்டாம் அச்சையும் அவர்கள் மறிக்கவில்லை.

கண்மாய்க்கரை (சிவகங்கை மாவட்டம்)

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு நாள் தயங்கினேன். அந்த 57-ஆம் பக்கத்து விரல் என்னுடையது.

அம்மா, முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஊர்க் கண்மாயைத் தூர்வார இளைஞர்கள் சிலர் சேர்ந்தோம். கலிங்கு எங்கே இருந்தது, எந்த மடையிலிருந்து எந்த வயலுக்குத் தண்ணீர் போனது என்று சொல்லும் பெரியவர்கள் இப்போது ஊரில் இல்லை. உங்கள் நூலில் எங்கள் கண்மாய்க்கு மூன்று பக்கமும் ஒரு வரைபடமும் இருப்பதாகத் தெரிந்தது. சிவகங்கையில் ஒரு கடை, மதுரையில் இரண்டு கடை, தொலைபேசியில் ஒரு கடை. நான்கிலும் இருப்பு இல்லை என்றார்கள். எப்போது வரும் என்று கேட்டால் தெரியாது என்றார்கள். ஒன்றரை மாதம் காத்திருந்தேன். பிறகு கிளை நூலகத்தில் ஒரு பிரதி கிடைத்தது. ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேருக்காகப் போனில் ஸ்கேன் செய்தேன். பன்னிரண்டு பேரில் யாரோ ஒருவர் பெரிய குழுவில் போட்டுவிட்டார். நான் போடவில்லை என்று சொல்லித் தப்பிக்கவில்லை. எடுத்தவன் நான்.

அந்த வரைபடத்தை வைத்துத்தான் மேற்கு மடை இருந்த இடத்தைத் தோண்டினோம். இரண்டடி ஆழத்தில் கல் தெரிந்தது. அன்று சாயங்காலம் அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்துதான் எல்லோரும் டீ குடித்தோம்.

அச்சுமை (மதுரை)

தம்பி, இதைப் படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மேற்கு மடைக் கல் கிடைத்ததை ஆசிரியருக்குப் படித்துக் காட்டினேன். “எத்தனை அடி அகலம் என்று கேளுங்கள்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லுங்கள், அவருக்கு அது தெரிய வேண்டும்.

திருச்சிப் பேராசிரியர் ஐயா கேட்டபடி நோட்டை எடுத்துப் பார்த்தேன். உண்மையை எழுத வேண்டும். கோப்பு குழுவில் வந்தது அக்டோபரில். கடைகளில் என் இருப்பு தீர்ந்தது ஜூலையில். நடுவில் மூன்று மாதம் எங்கும் புத்தகம் இல்லை. திருவிழாவுக்கென்று எடுத்து வைத்திருந்த 20 பிரதிகள் மட்டும் என் வீட்டுப் பரணில் இருந்தன. ஆக, கோப்பு வந்ததால் விற்பனை சரிந்தது என்று என் நோட்டு காட்டவில்லை. சரிய அங்கே விற்பனையே இல்லை.

ஏன் உடனே இரண்டாம் அச்சுப் போடவில்லை என்று கேட்பீர்கள். பி.ஓ.டி. முறையில் (தேவைக்கேற்பச் சில பிரதிகள் மட்டும் அச்சிடும் முறை) பத்துப் பிரதிகூடப் போடலாமே என்று கேட்பவர்களுக்கு: நூறுக்குக் குறைந்தால் 95 ரூபாய்க்கு அச்சு வராது, 140 ஆகிவிடும், 70 ரூபாய் மிச்சம் 25 ஆகும். நூறு போடக் கையில் 9,500 வேண்டும். ஜூலையில் விற்பனையாளர்களிடமிருந்து எனக்கு வர வேண்டிய பாக்கி 31,000. புத்தகம் விற்று எட்டு மாதம் கழித்துப் பணம் தருவது இந்தத் தொழிலில் வழக்கமாகிப்போனது. விற்ற புத்தகத்துக்கு வராத பணம்தான் இரண்டாம் அச்சை முதலில் நிறுத்தியது. அச்சு நின்றதால் தம்பி ஸ்கேன் செய்தார். ஸ்கேன் பரவியதால், இப்போது பணம் வந்த பிறகும் நூறு அடிக்க எனக்குக் கை வரவில்லை. எது முதலில் என்று கேட்டால், என் நோட்டின்படி முதலாவது அந்தப் பாக்கிதான்.

31,000 ரூபாயை எட்டு மாதம் வைத்துக்கொள்வதை யாரும் திருட்டு என்று சொல்வதில்லை.

நடைபாதைக் கடை (சென்னை)

அம்மா, விற்பனையாளர் பக்கம் இருக்கும் ஆள் என்ற முறையில் வெட்கப்படுகிறேன். நீங்கள் சொன்னது முழு உண்மை. எனக்கு இருபது பிரதி அனுப்புங்கள். பணத்தை முன்கூட்டியே அனுப்புகிறேன்.

எண்ணும் எழுத்தும் (திருச்சி)

கடைக்காரரின் பாக்கியை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. நகலெடுப்பதை ஆராயும் கட்டுரைகளிலும் அதைப் பார்த்த நினைவில்லை. பொருள் கிடைக்காத மாதங்களை ‘திருட்டு’ நிரப்புகிறது என்றால், அந்த மாதங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதுதான் செலவு குறைந்த வழி. முன்பதிவு போட்டுப் பார்த்தீர்களா, அம்மா? நூறு பேர் முன்பணம் கட்டினால் அச்சுக்காரருக்கு நீங்கள் கையிலிருந்து எதுவும் தர வேண்டியதில்லை. என் துறைக்கு ஐந்து பிரதி, இப்போதே.

கண்மாய்க்கரை (சிவகங்கை மாவட்டம்)

மடையின் அகலம் இரண்டே கால் அடி, ஐயாவிடம் சொல்லுங்கள். கல்லில் மீன் சின்னம் போல ஒன்று தேய்ந்து தெரிகிறது. படம் எடுத்து அனுப்புகிறேன்.

பெரிய குழுவின் நிர்வாகியிடம் பேசிவிட்டேன். கோப்பை நீக்கிவிட்டு அந்த இடத்தில் உங்கள் முன்பதிவு அறிவிப்பைப் போடச் சம்மதித்திருக்கிறார். மற்றவர்கள் எடுத்து வைத்திருப்பதை என்னால் திரும்பப் பெற முடியாது. எங்கள் பன்னிரண்டு பேரும் பிரதிக்குப் பணம் கட்டுகிறோம், 3,600 ரூபாய். நூலக வாசகர் வட்டத்திலும் கேட்டிருக்கிறேன்.

அச்சுமை (மதுரை)

ஐயா படத்தைப் பார்த்தார். மீன் சின்னம் பற்றி இரண்டாம் பதிப்பில் ஒரு பக்கம் சேர்க்க வேண்டும் என்கிறார். எழுதவும் தொடங்கிவிட்டார்.

முன்பதிவு இன்று காலை வரை 61. நூறு ஆனதும் அச்சுக்குப் போகும். 112-ஆம் பக்கத்தில் கலிங்கின் நீளம் தவறாக அச்சாகியிருந்தது, இந்தப் பதிப்பில் திருத்தியாகிவிட்டது. ஸ்கேன் பிரதி வைத்திருப்பவர்கள் அதில் 18 அடி என்று இருப்பதை 81 அடி என்று திருத்திக்கொள்ளுங்கள்.

பாலைத்தமிழன் (தோஹா)

அக்கா, மின்னூல்?

அச்சுமை (மதுரை)

பக்க வடிவமைப்பாளரிடம் கொடுத்திருக்கிறேன் தம்பி. வரைபடங்கள் சிறிய திரையில் சரியாகத் தெரிய வேண்டும், அதற்குத்தான் இரண்டு வாரம் ஆகும். விலை 120 ரூபாய். அதில் ஐயாவுக்கு 40.

பாலைத்தமிழன் (தோஹா)

எட்டுப் பேர் அறையில் மூன்று பேர் வாங்குகிறோம். மற்ற ஐந்து பேருக்குப் படித்துக் காட்டுவேன்.

அச்சுமை (மதுரை)

தாராளமாகப் படித்துக் காட்டுங்கள்.